பால் கொண்டுபோன வண்டி

பிளக்கைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டி உதைத்த பிறகும் கிளம்பாத டூ ஸ்ட்ரோக் வண்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தோப்புகளில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கருகிய காயிலை வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். வேலை முடிந்த மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைக்காமல் ஸ்விட்சில் கை வைக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் லேத், தறி, தராசு எதுவானாலும் சரி, பொட்டு வைத்த பிறகுதான் அது வேலைக்கு வந்ததாக அர்த்தம்.

வண்டி, கடை திறந்த வருடம் பழையதாக வாங்கியது. என் கல்யாணத்துக்கு முந்தையது. புகை அதிகம், சத்தம் அதிகம், ஆனால் என் பேச்சைக் கேட்கும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சித்திரை வெயிலில், ஏழாம் மாதத்திலேயே எங்களுக்கு மகள் பிறந்தாள். என் மனைவிக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி, பொள்ளாச்சி நர்சிங் ஹோமில் அவசரமாக அறுத்து எடுத்தார்கள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள். என் உள்ளங்கையை விரித்தால் அதில் அடங்கிவிடுவாள். இங்கே வைத்துப் பார்க்க வசதியில்லை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்கு, சிங்காநல்லூர் பக்கத்திலிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மா பொள்ளாச்சியில், குழந்தை நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். அவளையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்றால் தையல் போட்ட இடத்தில் சீழ் கோத்துக்கொண்டது, அசைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள் குழந்தைக்குப் பவுடர் பால் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு உப்பிவிட்டது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, குழந்தைகள் வார்டு நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள்.

"இந்த எடைக்குத் தாய்ப்பால்தாங்கண்ணா மருந்து. டியூப்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மூணு மில்லி. அவ்வளவுதான் பாப்பா குடிக்குது. ஆனா அது வந்துட்டே இருக்கோணும். ஐஸ்ல வெச்சுக் கொண்டாங்க. பாட்டலத் தொட்டா சில்லுனு இருக்கோணும். சூடாயிருந்தா நான் வாங்க மாட்டேனுங்க."

இதுதான் என் வேலையாயிற்று. கடையைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டேன். என் மனைவி படுத்தபடியே, கையால் அழுத்துகிற ஒரு சின்ன பம்ப்பை வைத்துப் பால் எடுப்பாள். ஒரு மணி நேரம் போராடினால் பாட்டிலின் அடியில் இருபது மில்லி, இருபத்தைந்து மில்லி சேரும். வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்க்க முடியாமல் நான் வராந்தாவில் போய் நிற்பேன். பாட்டிலை மருந்துக் கடைக்காரர் கொடுத்த தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து, பெட்டியைத் துண்டில் சுற்றி, வண்டியின் டேங்க் மேல் எனக்கு முன்னால் கட்டிக்கொள்வேன். பின்னால் கட்டினால் குலுங்கும். காலையில் ஒரு நடை, மத்தியானத்துக்கு மேல் ஒரு நடை.

முதல் நாள் நான் கிளம்பும்போது அவள் படுக்கையிலிருந்தே தன் அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, வண்டிக்குப் பொட்டு வெச்சு அனுப்புங்க. பெட்டி உக்கார்ற எடத்துல, டேங்க்கு மூடி மேல வைங்க. பாப்பாளுக்குப் போற பாலுங்க அது."

அத்தை, அதாவது என் மாமியார், எதிர்த் தெருவிலிருந்த அம்மன் கோயிலிலிருந்து இலையில் சந்தனம் வாங்கி வந்து, டேங்க் மூடியில் சாவி போடுகிற இடத்தைச் சுற்றித் தாராளமாக அப்பிவிட்டு, நடுவில் குங்குமமும் வைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு நடைக்கும் ஒரு பொட்டு. பழையதன் மேலேயே புதிது. நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கிக்கரில் கால் வைப்பேன்.

மூன்றாம் நாள் காலை. கிணத்துக்கடவு தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறேன், வண்டி திக்கியது. யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல ஒரு தயக்கம். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க மூச்சு குறைந்தது. இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோனது. ஓரம் கட்டினேன். உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பெட்ரோல் குழாயை உதறினேன். கடைசியாகப் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்து, மூடி, ஓர் உதை உதைத்தேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. பிளக் கரி பிடித்திருக்கிறது, துடைத்ததும் சரியாயிற்று என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் புதுப் பிளக். கிணத்துக்கடவு தாண்டியதும் அதேபோல் நின்றது. அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம். அடுத்த நாள் கார்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் பாய்கிற ஜெட் துளையில் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். ஒத்தக்கால்மண்டபத்தில் நின்றது. ஏர் பில்டரைத் துவைத்துக் காயவைத்து மாட்டினேன். மலுமிச்சம்பட்டியில் நின்றது. சரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரன். அன்று மத்தியான நடையில் பழையபடி கிணத்துக்கடவிலேயே நின்றது.

ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதான். முதலில் பெட்டியை அவிழ்த்து நிழல் தேடி வைக்க வேண்டும். நாலு வழிச் சாலையில் நிழல் எங்கே இருக்கிறது? வண்டியின் நிழலிலேயே வைத்து, என் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டு, பனியனோடு உட்கார்ந்து பிளக்கைக் கழற்றுவேன். போகிற வருகிற கார்க்காரர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். பெட்டிக்குள் ஐஸ் உருகும் சத்தம் கேட்பதாக எனக்குத் தோன்றும். கேட்காது, தெரியும். ஆனாலும் காது அங்கேயே கிடக்கும். ஏதேதோ செய்து, கடைசியில் மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்து மூடி, உதைத்தால் கிளம்பிவிடும். செய்த பத்து வேலையில் எந்த வேலைக்குக் கிளம்பியது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

பஸ்ஸில் போகலாமே என்று அத்தை இரண்டு முறை சொன்னார். பொள்ளாச்சியிலிருந்து உக்கடத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சிங்காநல்லூருக்கு டவுன் பஸ், பிறகு நடை. இரண்டரை மணி நேரம் ஆகும். வண்டியென்றால் சுந்தராபுரத்தில் திரும்பி, போத்தனூர் வழியாகப் போய் ஒன்றேகால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். அப்படித்தான் அவரிடம் சொன்னேன். உள்ளே இருந்த காரணம் வேறு. பத்துக் குதிரைச் சக்தி மோட்டாரைப் பிரித்துக் கோக்கிறவனுக்கு இந்தத் துக்கடா வண்டி தண்ணி காட்டுவதா என்கிற வீம்பு. குழந்தையின் உயிரோடு என் வீம்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இதை நினைக்கும்போது இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

பிறகு எனக்குப் புத்தியில் பட்டது, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில். படாமல் எப்படி இருக்கும், நான் சோறு தின்பதே காயிலால்தானே. சூடானால் செத்துப்போவதும் ஆறினால் பிழைத்துக்கொள்வதும் காயிலின் குணம். எத்தனை மோட்டாரில் பார்த்திருக்கிறேன். பத்து இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் நிற்கிறது, இருபது நிமிடம் ஆறினால் கிளம்புகிறது. வேறென்னவாக இருக்க முடியும்? ஒரு சாயங்காலம் கடையைத் திறந்து, வண்டியின் காயிலைக் கழற்றி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை என் கையாலேயே சுற்றி, வார்னிஷ் போட்டுக் காயவைத்து மாட்டினேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்ததேயில்லை. முடித்ததும் அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் கிணத்துக்கடவில் நின்றது. காயிலுக்கு ஈரத் துணி சுற்றிக்கொண்டு போனேன். அப்படியும் நின்றது.

பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தார், பஸ் ஸ்டாண்டு வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வண்டி அருமையாப் போகுதுங்க. உங்களுக்குத்தான் மனசு செரியில்லாம இருக்குது. சித்தெ தூங்கி எந்திரிங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்ன பேசினேன் என்று எழுத முடியாது. அவர் சாவியைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். குழந்தை ஆஸ்பத்திரியில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். அன்று காலை என் மனைவிக்கு முதல்முறையாகப் பால் நன்றாக இறங்கியிருந்தது. நாற்பது மில்லி. பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்தாள்.

"பாதிப் பாட்டலுங்க. பாத்தீங்களா? இன்னைக்குப் பாப்பா எச்சாக் குடிக்கும்."

பத்து நாளில் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். பாட்டிலை என் கையில் கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. துண்டில் ஒரு தடவை துடைத்து, மூடியை ஒரு தடவை இறுக்கி, பிறகுதான் கொடுத்தாள். நானும் தயாராக இருந்தேன். பெட்ரோல் பற்றிச் சந்தேகமே வரக்கூடாது என்று முந்தின நாள் சாயங்காலமே டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்திருந்தேன். அத்தை வழக்கம்போலப் பொட்டு வைத்தார்.

வழக்கமாக நிற்கிற இடத்துக்குக்கூட வண்டி போகவில்லை. கோவில்பாளையம் தாண்டியதுமே நின்றது.

பிளக்கைத் துடைத்தேன். வேறு பிளக் மாட்டினேன். கார்பரேட்டரைத் தட்டினேன். காயிலில் தண்ணீர் ஊற்றினேன். அரை மணி நேரம் ஆறவிட்டு உதைத்தேன், நூறடி ஓடி நின்றது. மறுபடி ஆறவிட்டேன், மறுபடி நூறடி. அன்றைக்கு மூடியை மட்டும் நான் திறக்கவில்லை. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது என்று தெரிந்தவன் திறந்து எதைப் பார்ப்பான்?

தள்ளினேன். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, இன்னொரு கையால் பெட்டியை அணைத்துக்கொண்டு தள்ளினேன். கையைக் காட்டினால் ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. கார்க்காரர்கள் என் கோலத்தைப் பார்த்தே வேகத்தைக் கூட்டினார்கள். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாய் வழிந்து கண் எரிந்தது. சத்தமாக அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். நாற்பது வயது ஆண்பிள்ளை நடுரோட்டில் ஒரு வண்டியைப் பார்த்து, கிளம்பு, தயவுசெய்து கிளம்பு என்று கெஞ்சினேன். பெட்டியைத் திறந்து பார்க்கப் பயமாயிருந்தது. திறந்தால் வெயில் உள்ளே போய்விடும் என்று திறக்கவுமில்லை.

கடைசியில் தேங்காய் ஏற்றிப்போன ஒரு டெம்போ நின்றது. வண்டியை ரோட்டோரம் பூட்டிவிட்டு ஏறினேன். உக்கடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நர்ஸ் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் இல்லை. தண்ணீரில் பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

"சில்லுனு இல்லைங்களேண்ணா."

"கொஞ்சம் சில்லுனுதான் இருக்குதுங்க சிஸ்டர். நல்லாத் தொட்டுப் பாருங்க."

"இல்லைங்கண்ணா. இத நான் குடுக்க முடியாது."

கெஞ்சினேன். கத்தினேன். நீயும் ஒரு பெண்தானே என்று கேட்கக் கூடாததைக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. சாயங்காலத்துக்குக் கொண்டாந்துருங்க, அது வரைக்கும் டிரிப்ஸ் போயிட்டிருக்குது என்று மட்டும் சொல்லிவிட்டு, பாட்டிலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் கட்டைவிரல் அளவு பாதம். மூக்கில் போகிற டியூப் காலியாக இருந்தது.

வாஷ்பேசினில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. வெளியே ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் வேரில் நாற்பது மில்லியையும் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. எறும்பு வந்துவிடுமோ என்று அங்கேயே சற்று நின்றேன். அந்த நேரத்தில் புத்தி எப்படியெல்லாம் போகிறது பாருங்கள்.

பஸ்ஸில் திரும்பிவந்து கோவில்பாளையத்துக்கிட்டே இறங்கினேன். வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. சாவியைப் போட்டு ஓர் உதை உதைத்தேன். பிடித்துக்கொண்டது. சமர்த்துப் பிள்ளை மாதிரி நின்ற இடத்தில் டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது. டேங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அந்த இடம் இன்னும் நசுங்கித்தான் இருக்கிறது.

நர்சிங் ஹோமில் அறைக்குள் நுழைந்ததுமே என் மனைவி கேட்டாள்.

"குடிச்சுதுங்களா?"

"குடிச்சுது."

"எல்லாமுங்களா?"

"எல்லாமேதான். நெம்ப நல்லாக் குடிச்சுதுன்னு சிஸ்டரே சொன்னாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தபடி மெதுவாக இரண்டு முறை தலையை ஆட்டினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பம்ப்பைக் கையில் எடுத்தாள். சாயங்கால நடைக்கான பால். சந்தோஷத்தில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன் என்றிருந்தது.

அதன்பிறகு இரண்டு நாள் பஸ்ஸில் போனேன். இரண்டாம் நாள் உக்கடத்தில் கூட்டம் நெருக்கி, பெட்டியின் மூடி உடைந்து, ஐஸ் தண்ணீர் ஒரு பெரியவரின் வேட்டியில் கொட்டி, அவர் திட்டி, அடுத்த பஸ்ஸைத் தவறவிட்டு, கடைசியில் நர்ஸ் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து யோசித்து யோசித்து வாங்கினாள். மூன்றாம் நாள் வேறு பெட்டி வாங்கி, மறுபடி வண்டியை எடுத்தேன். அத்தை பொட்டு வைத்தார்.

ஒத்தக்கால்மண்டபத்துக்கு முன்னால் நின்றது. எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. தள்ளிக்கொண்டு போனேன். பிளக்கைத் தொடக்கூட எனக்குத் தெம்பில்லை. பெட்ரோல் போடுகிற பெண்மணி ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, எவ்வளவுக்குங்க?"

"பெட்ரோல் வேண்டாமுங்க. உங்ககிட்ட ஐஸ் தண்ணி இருக்குமுங்களா? வண்டி நின்னுபோச்சு. இதுல குழந்தைக்குப் பால் இருக்குதுங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆபீஸ் அறையில் பிரிட்ஜ் இருப்பதாகச் சொல்லிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். அதற்கே நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"சாவியக் குடுங்க. பெட்ரோல் இருக்குதான்னு பாத்தரலாம்."

"பாதி டேங்க் இருக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க, பாக்கறேன்."

அவர் சாவியைப் போட்டு மூடியைத் தூக்கினார். உஸ் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்க வேண்டும். லாரி இரைச்சலிலும் என் எரிச்சலிலும் காதில் விழவேயில்லை. அவர் கை அப்படியே நின்றது.

"காத்து இழுக்குதுங்களே. மூடில ஓட்டை அடைச்சிருக்குதுங்க."

"என்ன ஓட்டைங்க?"

"மூடில ஊசி மொனையாட்ட ஒரு ஓட்டை இருக்குமுங்க. அது வழியாக் காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் கீழ எறங்கும். பால் பாட்டல்ல காத்துப் போகலைன்னா கொழந்த எத்தன உறிஞ்சினாலும் பால் வராதுங்க. அதேதான் இதுவும். மூடியத் தெறந்தாக் காத்துப் போயிரும், வண்டி கெளம்பிரும். கொஞ்ச தூரம் போனா மறுக்காவும் நின்னுபோகும். டேங்க் தளும்ப இருந்தா இன்னும் சீக்கிரமா நின்னுரும், மணிக்கணக்கா நிறுத்தி வெச்சாக் காத்துக் கசிஞ்சு தானாக் கெளம்பிரும். தெனமும் இத்தன மூடி தெறக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?"

சேலையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, சாவி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் குத்தித் திருகினார். மஞ்சளாக, கெட்டியாக ஒரு பொடி உதிர்ந்தது. இன்னும் குத்தினார். இன்னும் உதிர்ந்தது. உள்ளங்கையில் தட்டி மோந்து பார்த்தார்.

"சந்தனமுங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் பிளக், ஜெட், பில்டர், ராத்தூக்கம் கெட்டுச் சுற்றின காயில். என் கண்ணுக்கு முன்னால், தினமும் இரண்டு வேளை, நானே தொட்டுக் கும்பிட்ட இடத்தில் அது இருந்திருக்கிறது. மோட்டாருக்குப் பொட்டு வைத்தே பழகின கை இது. பொட்டு வைத்த இடத்தில் கோளாறு இருக்கும் என்று ஆயுசுக்கும் எனக்குத் தோன்றியிருக்காது.

அந்தப் பெண்மணி ஈரத் துணியால் மூடியைத் துடைத்து, பாட்டிலை எடுத்துவந்து கொடுத்து, பாப்பாளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, போங்க என்றார். வண்டி சிங்காநல்லூர் வரை ஒரு விக்கல் விக்கவில்லை. நர்ஸ் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். டியூபில் வெள்ளையாக ஒரு கோடு இறங்குவதை நான் நின்று பார்த்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அத்தை மேல் கொலைவெறி. இப்படியா அள்ளி அப்புவது, போனதும் கேட்காமல் விடுவதில்லை என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். கிணத்துக்கடவு வரும்போதுதான் நினைவுக்கு வந்தது, அந்த இடத்தில் வைக்கச் சொன்னது யார் என்று. ஆக்ஸிலேட்டர் தானாகத் தளர்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் எடுத்த பால். அதைக் கொட்டவைத்தது அவள் ஆசையாக வைக்கச் சொன்ன பொட்டு. இதை எப்படி அவளிடம் போய்ச் சொல்வது?

சொல்லவில்லை. மறுநாள் அத்தையிடம், ஹெட்லைட்டுக்கு வைங்கத்தை, அதுதானே வழி காட்டுது என்றேன். அவர் சரிங்க மாப்ள என்று வைத்தார். அதன்பிறகு வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் கழித்து இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது தவழ்கிறாள், கையில் கிடைக்கிற செம்புக் கம்பியையெல்லாம் வாயில் வைக்கிறாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"அன்னைக்கு நாப்பது மில்லி வந்துதே, அன்னைக்கு சிஸ்டர் எனக்கு போன் பண்ணுனாங்க. அங்க என்ர போன் நம்பரத்தான குடுத்திருந்தோம். பால் இன்னும் வரலீங்க, பாப்பா பசில இருக்குதுன்னாங்க. மறுக்கா ஒண்ணே முக்காலுக்குப் பண்ணிப் பால் கெட்டுப்போச்சுன்னாங்க. அண்ணன் அழுதுட்டுப் போறாரு, நீங்க ஒண்ணும் கேக்காதீங்கன்னாங்க."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏன் அம்மணி என்னக் கேட்டே, குடிச்சுதான்னு?"

"தெரியலீங்க. நீங்க குடிச்சுதுன்னு சொல்லோணும்னு இருந்துது. சொன்னீங்க. அதக் கேட்டுட்டுத்தான் சாயங்காலத்துக்குப் பால் எடுக்க முடிஞ்சுது."

அந்த நிமிடமே சந்தனத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் இவ்வளவு தூரம் திறந்து வைத்துவிட்டாளே, நான் மட்டும் மூடி வைத்திருப்பதா? ஆனால் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. அதன் தொண்டை ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்து வந்தாள். விரல் நேராக டேங்க் மூடிக்குப் போயிற்று. நான் அதற்குள் என் உள்ளங்கையை மூடியின் மேல் வைத்துவிட்டேன்.

"லைட்டுக்கு வை அம்மணி."

"ஏனுங்க? பாப்பாளுக்குப் பால் போனப்ப அங்கதானுங்க வெச்சோம்."

"மூடி துருப்பிடிக்குது."

அவள் விரலில் சந்தனத்தோடு நின்றாள். மூடி மேலிருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு டேங்கில் நசுங்கியிருந்த இடத்தைப் பார்த்தாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு, ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்தாள்.